இருபத்தெட்டுக்குக் கட்டுமா?

நிம்மதியான ஒரு தூக்கத்தின் விலை இருபத்தெட்டு மதிப்பெண். நாற்பதுக்கு இருபத்தெட்டு. கறார் விலை, குறைத்துக் கேட்க முடியாது. முதல் தடவை போனபோது என் கையில் பத்தொன்பது இருந்தது. இரண்டாம் தடவை இருபத்திரண்டே கால். ஒருவர் மூன்று தடவைதான் எழுதலாம் என்பது விதி. மூன்றாவதுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

நான் சேர நினைத்தது பேச்சுச் சிகிச்சை முதுநிலைப் படிப்பு. வாய் சம்பந்தப்பட்ட படிப்புக்குக் கணக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன். எல்லா முதுநிலைப் படிப்புக்கும் ஒரே நுழைவுத் தேர்வு வாசல்தான், அந்த வாசலில் உட்கார்ந்திருப்பது கணக்குத் தாள் என்றார்கள். மொழித் தாளில் இரண்டு தடவையும் அள்ளிக்கொண்டு வந்தேன். கணக்கில் இருபத்தெட்டு இல்லாதவரின் மொழித் தாளை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் மானம் போகிற விஷயம் ஒன்று உண்டு. எங்களுடையது மொத்த வியாபாரம்: பொத்தான், ஜிப், லேஸ், நூல்கண்டு. பன்னிரண்டு வயதில் கல்லாப் பக்கம் வந்து நின்றவள் நான். "ஏழரை குரோஸ், டஜன் பதினாறு, ரெண்டு சதவீதம் கழிச்சு..." என்று தையல்காரர் இழுக்கும்போதே, "ஆயிரத்து நானூத்திப் பதினொண்ணு, சில்லறையை விடுங்க" என்பேன். குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், நூற்று நாற்பத்து நாலு. எங்கள் தெருவில் பிள்ளைகள் நூறுக்கு முன்னால் இதைத்தான் கற்கும். அப்பேர்ப்பட்டவள் கணக்கில் பத்தொன்பது வாங்கிய அன்று எதிர்க்கடை நூல்காரர் தெருவைக் கடந்து வந்து விசாரித்தார்.

"என்னம்மா, கால்குலேட்டருக்கு பேட்டரி தீந்துபோச்சா?"

சிரித்தேன். வியாபாரத்தில் சிரிக்காமல் முடியுமா? அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

படிப்பு ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. எங்கள் தெருவிலேயே பேரத்தில் அம்மாவை அடிக்க ஆள் கிடையாது. அவள் வாயைத் திறந்தால் ஆலைக்காரன் தன் சொந்த விலைப்பட்டியலையே சந்தேகப்படுவான். அந்த வாய் சும்மா கிடந்தது. ஒரு பேச்சுச் சிகிச்சைக்காரி வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து, எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாலு மாதம் அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாம் மாதக் கடைசியில் அம்மா முதல் வார்த்தை சொன்னாள்.

"கட்டாது."

இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்று வியாபாரி கையை விரிக்கிற அதே வார்த்தை. அப்பா கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்து, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். முப்பது வருடம் அந்த வார்த்தைக்குப் பயந்து வாழ்ந்த மனுஷன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அடுத்த மாதம் சிகிச்சைக்காரி வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஊருக்கே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பதினொரு மாதம் காத்திருந்து போனோம். அரை மணி நேரம் கிடைத்தது. இன்றைக்கும் அம்மாவிடம் ஏழு வார்த்தைகள்தான். மாத்திரை கொடுத்தால் கட்டாது. ஜன்னலைத் திறந்தால் கட்டாது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாலும் அதே. மற்ற ஆறையும் யாராவது எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முக்காலியில் உட்காரத் தெரிந்தவளாக ஆகவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு இருபத்தெட்டு.

இரண்டாம் தடவை முடிவு வந்த அன்று அப்பா ஒரு சாவியை மேசைமேல் வைத்தார். புது மார்க்கெட்டில் பிடித்திருக்கும் கிளைக் கடையின் சாவி.

"மூணாவதும் எழுதிடு. இருபத்தெட்டு வந்தா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலைன்னா இந்தக் கடை உனக்கு. என்னால ரெண்டு இடம் ஓட முடியாதும்மா."

"இருபத்தேழே முக்கால் வந்தா?"

"கால்தானேன்னு நான் விட்டுடுவேன். அவங்க விடுவாங்களா?"

விடமாட்டார்கள். அந்தத் தேர்வில் தப்பான ஒவ்வொரு விடைக்கும் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். கால் காலாகப் பிடுங்குகிறவன் முழுசாகப் பிடுங்குகிறவனைவிட மோசமானவன் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

லிஃப்ட்காரரை நான் பிடித்தது அந்த இரண்டாம் தேர்வில்தான். தேர்வு மையம் ஆறாம் மாடி. லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஓர் ஆள் நுழைவுச் சீட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, பத்து நிமிடத்தில் அதை ஓடவைத்தார். பிறகு கிரீஸ் கையோடு எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். பொறியியல் முதுநிலைக்கு எழுதுகிறவர். வெளியே வரும்போது இருவர் முகமும் ஒரே மாதிரி இருந்தது.

"கணக்கு?" என்றேன்.

"அது முப்பத்தாறு வரும். மொழித் தாள்தான்... ஒரு பத்தி படிச்சா, எழுதினவன் சொல்றது எல்லாமே சரின்னு தோணுது. அப்புறம் 'ஆசிரியரின் நோக்கம் என்ன'ன்னு கேக்குறான். எனக்கென்ன தெரியும், அவன் வீட்டுக்குப் போனேனா?"

அங்கேயே பேரத்தை முடித்தேன். வாரம் நாலு மத்தியானம், கடைக்கு மேலே சரக்கு அறையில். ஒரு மணி நேரம் அவர் எனக்குக் கணக்கு, ஒரு மணி நேரம் நான் அவருக்கு மொழி. காசு பேசவில்லை. பேசியிருந்தால் இரண்டு பேருமே ஏமாந்திருப்போம்.

சரக்கு அறைக்கு ஏணியில் ஏற வேண்டும். சுற்றிலும் பொத்தான் பெட்டிகள், நடுவில் ஒரு பலகை. கீழே அப்பா. இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை தெருவில் ஈ ஓட்டும் நேரம் என்பதால் எங்கள் பேச்சு ஒவ்வொன்றும் அவர் காதில் விழும்.

முதல் நாள் லிஃப்ட்காரர் ஒரு சமன்பாடு எழுதினார். நான் தாளைத் தள்ளி வைத்தேன்.

"இந்த எக்ஸ் இருக்கே, இதுதான் எனக்கு ஒத்துக்காது. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லாமலே விக்குறான். நாங்க அப்படிப்பட்டவனை வாசல்லயே நிறுத்திடுவோம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூடிய பொத்தான் பெட்டிகள் மூன்றை இந்தப் பக்கம் வைத்தார், பக்கத்தில் ஆறு டஜன் அட்டைகள். அந்தப் பக்கம் அதே மாதிரிப் பெட்டிகள் ஐந்து, பக்கத்தில் இரண்டு டஜன்.

"ரெண்டு பக்கமும் சரிசமம். பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒரு பெட்டியில எத்தனை?"

"ரெண்டு பக்கத்துலயும் மூணு மூணு பெட்டியை எடுத்துடலாம். ரெண்டு ரெண்டு டஜனையும். இங்க நாலு டஜன், அங்க ரெண்டு பெட்டி. பெட்டிக்கு ரெண்டு டஜன்."

"எத்தனை நேரம் ஆச்சு?"

"ஆகலையே."

"அதுதான் எக்ஸ்."

கீழேயிருந்து அப்பா குரல் வந்தது: "எடுத்த பெட்டியெல்லாம் எடுத்த இடத்துல வைங்க!"

மொழியில் நான் அவருக்குச் செய்தது இதைவிடச் சுலபம். "எழுதினவன் என்ன விக்கப் பாக்குறான்னு மட்டும் பாருங்க. 'ஆனாலும்'னு ஒரு இடத்துல வரும். அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் சாம்பிள். சரக்கு அதுக்கு அப்புறம்தான்." லிஃப்ட்காரர் ஒரு பத்தியை எடுத்து 'ஆனாலும்' வரைக்கும் விரலை ஓட்டிப் போய், அங்கே நிறுத்தி, என்னைப் பார்த்து, "அடப்பாவி, இவ்வளவு நாளா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கான்" என்றார்.

மூன்று வாரம் இப்படி நன்றாகத்தான் போனது. பின்னம், விகிதம், முக்கோணம், நிகழ்தகவு என்று ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. ஆனால் முழு மாதிரித் தேர்வு எழுதினால் மட்டும் இருபத்துமூன்று, இருபத்திரண்டரை. தனித்தனியாகக் கேட்டால் தெரிந்த கேள்வி, வரிசையில் வந்தால் தெரியவில்லை. கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் என் விரல்கள் ஐஸ் பெட்டியில் வைத்ததுபோல் ஆகிவிடும். இருபதாம் கேள்வியில், எதற்கென்று தெரியாமல், புது மார்க்கெட் கடையின் இரும்பு ஷட்டர் இழுபடும் சத்தம் காதில் கேட்கும்.

அடுத்த மாதிரித் தேர்வுக்கு லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் நான் எடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்தார். முடிந்ததும் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"மேடம், நாற்பது கேள்வி, அறுபது நிமிஷம். ஒண்ணுக்கு ஒண்ணரை நிமிஷம். இங்க பாருங்க: ஒன்பதாவது கேள்வி, ஆறரை நிமிஷம். தப்பு. பதினேழாவது, அஞ்சு நிமிஷம். தப்பு. இருபத்துநாலு, ஏழு நிமிஷம். அதுவும் தப்பு. கடைசி அஞ்சு கேள்வியை நீங்க தொடவே இல்லை. அதுல நாலு சுலபம். ஏன் அந்த ஒன்பதாவதுல அப்படி உக்காந்தீங்க?"

எனக்கு விளங்கவில்லை. "அது கேட்டுச்சே," என்றேன்.

"என்ன கேட்டுச்சு?"

"கேள்வி. வந்து நிக்குது. பதில் சொல்லாம எப்படி அனுப்புறது?"

அவர் கீழே எட்டிப்பார்த்தார். அப்பா அப்போது ஒரு தையல்காரரோடு மூன்று மீட்டர் லேஸுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக. தையல்காரர் இரண்டு தடவை படி இறங்கினார். அப்பா இரண்டு தடவையும் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தார். இதற்குள் மூன்று பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

"புரியுது," என்றார் லிஃப்ட்காரர்.

கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது. அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே புகட்டிய பாடம் அது. இன்னொரு பாடமும் இருந்தது, அதையும் லிஃப்ட்காரர்தான் கண்டுபிடித்தார். தெரியாத கேள்வியில் நான் ஐந்து விடைகளில் பெரியதையும் சின்னதையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதில் குத்தியிருந்தேன். ஒன்றிலல்ல, எல்லாவற்றிலும்.

"இது என்ன கணக்கு?"

"அவன் உச்சத்துல சொல்வான், நாம அடிமட்டத்துல கேப்போம். நடுவுலதான படியும்?"

"இங்க எதிர்ல யாரும் இல்லை மேடம். மிஷின் இருக்கு. குருட்டாம்போக்குல அஞ்சு கேள்வி குத்தினா ஒண்ணு சரியாகும், நாலு தப்பாகும். ஒண்ணு வரும், நாலு கால் போகும். மிச்சம் பூஜ்யம். ஒரு விடையாவது நிச்சயமா தப்புன்னு கணக்கு போட்டுத் தெரிஞ்சா மட்டும் குத்துங்க. இல்லைன்னா விட்டுட்டுப் போங்க. லிஃப்ட் கதவு யாருக்காவது காத்துக்கிட்டு நிக்குதா? ஏறுறவன் ஏறுவான், மூடிட்டுப் போய்க்கிட்டே இருக்கும்."

சொல்வது எளிது. அடுத்த தேர்விலும் ஒரு தண்ணீர்த் தொட்டியோடு ஆறு நிமிடம் கட்டிப்புரண்டேன். இரண்டு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் காலி செய்கிறது. எந்த மடையன் அப்படி ஒரு தொட்டி வைத்திருக்கிறான் என்ற எரிச்சலே இரண்டு நிமிடம். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாலும் தொட்டி பின்னாலேயே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவைக் கடைக்கு அழைத்துவர ஆரம்பித்தோம். மத்தியானம் விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் நான் ஏணியில் ஏறாமல், கல்லா மேசையிலேயே மாதிரித் தாளை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டிருந்தேன். பென்சிலைக் கடித்தேன், காலை ஆட்டினேன், அடித்தேன், திருத்தினேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை நீட்டித் தாளைத் தொட்டாள்.

"கட்டாது."

எப்போதும் சொல்கிற அதே வார்த்தைதான். மாத்திரைக்கும் ஜன்னலுக்கும் சொன்னது போலத்தான் இதற்கும் சொல்லியிருப்பாள். ஞானோபதேசம் செய்தாள் என்று நான் கதை கட்டமாட்டேன். ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா வாடிக்கைக்காரரின் கையைப் பிடித்து இழுப்பவர். அம்மா அப்படி இல்லை. அவள் கட்டாது என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அந்த ஆள் படி இறங்குமுன் அடுத்தவரிடம், "நீங்க சொல்லுங்க" என்று திரும்பிவிடுவாள். அந்த ஒரு திறமையால்தான் எங்கள் கடை ஓடியது. நான் தப்பான ஆளிடம் தொழில் கற்றிருந்தேன்.

அன்றிலிருந்து கேள்வியைப் படித்ததும் வாய்க்குள் கேட்டுக்கொள்வேன்: ஒண்ணரை நிமிஷத்துக்கு இது கட்டுமா? கட்டாது என்றால் அடுத்தது. முதல் நாள் எதையோ திருடிவிட்டு ஓடுகிறவள் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. மதிப்பெண் இருபத்தைந்தேகால். அடுத்த வாரம் இருபத்தேழு. தேர்வுக்கு நாலு நாள் முன்னால் இருபத்தெட்டரை.

ஒரே ஒரு பூச்சி மட்டும் சாகவில்லை. லாப சதவீதம். கடையில் நூறுக்கு விற்று இருபது நின்றால் இருபது சதவீதம் என்போம். நாங்கள் விற்ற விலையில் பார்ப்போம். கல்லாவில் விழுந்ததில்தானே நமக்கு எவ்வளவு என்று பார்க்க முடியும்? புத்தகமோ வாங்கிய விலையில் பார்க்கிறது. எண்பதுக்கு வாங்கி நூறுக்கு விற்றால் அங்கே இருபத்தைந்து சதவீதம். தெரியும். நூறு தடவை எழுதிப் பார்த்தாயிற்று. ஆனாலும் பதினேழு வருடப் பழக்கம், கை தானாக இருபதுக்குப் போகும்.

"வாங்கின விலை, வாங்கின விலை," என்று லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"எதுக்கு வாங்கினேன்னு ஒரு வியாபாரி வெளிய சொல்வானா?" என்று அப்பா கீழேயிருந்து எனக்காக வாதாடுவார்.

தேர்வன்று அடையாள அட்டையை வீட்டில் மூன்று தடவை, பஸ்ஸில் நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். ஆறாம் மாடிக்கு லிஃப்ட் ஓடியது. நான் படியில்தான் ஏறினேன். பக்கத்தில் லிஃப்ட்காரரும் படியில் ஏறினார்.

"நீங்க ஏன்?"

"இந்த லிஃப்ட்டோட கேபிளை நான் பாத்திருக்கேன்."

திரை ஒளிர்ந்தது. வலது மூலையில் அறுபது, பிறகு ஐம்பத்தொன்பது. விரல்கள் வழக்கம்போல விறைத்தன. முதல் கேள்வியை மூன்று தடவை படித்தேன், எழுத்துகள் நகர்ந்தன. தொடைக்கடியில் கையை வைத்துச் சூடேற்றினேன். முக்கால் நிமிடம் போனது. பிறகு ஓர் எக்ஸ் வந்தது, மூடிய பொத்தான் பெட்டியாக. எடுத்தேன், கழித்தேன், குத்தினேன். இரண்டு, மூன்று, நாலு. ஏழாவது கேள்வி ஒரு வட்டத்துக்குள் ஒரு முக்கோணம், அதற்குள் இன்னொரு வட்டம். கட்டாது. அடுத்ததற்குப் போனேன். பதினெட்டாவதில் நமது தொட்டி, குழாய்களோடு. கட்டவே கட்டாது. அடுத்தது. இருபத்தைந்தில் ஷட்டர் சத்தம் கேட்கவில்லை என்று கவனித்தேன், கவனித்ததும் கேட்டது.

ஐந்து நிமிடம் மிஞ்சும்போது கடிகாரம் சிவப்பானது. அதுவரை ஆறு கேள்விகளை விட்டிருந்தேன். முப்பத்தொன்பதை முடித்துத் தலை நிமிர்ந்தால் பதினாலு விநாடி. நாற்பதாவது திறந்தது.

ஒரு வியாபாரி 144-க்கு வாங்கிய பொருளுக்கு 200 என்று விலை குறித்து, அதில் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்து விற்கிறார். அவருடைய லாப சதவீதம் என்ன?

நூற்று நாற்பத்து நாலு. ஒரு குரோஸ். பதினாலு விநாடியில் யார் வந்தாலும் கட்டாது என்று சொல்லி அனுப்பத் தயாராக இருந்தேன். வந்து நிற்பதோ எங்கள் தெரு ஆள். இவனை எப்படி அனுப்புவது? விற்றது நூற்றெண்பது. நின்றது முப்பத்தாறு. கை போய் இருபதில் குத்தியது. கறுப்புப் புள்ளி விழுந்தது. விழுந்த பிறகுதான் தலைக்குள் லிஃப்ட்காரர் கத்தினார். வாங்கின விலை! குரோஸில் மூன்று டஜன், கால் பங்கு, இருபத்தைந்து. கையை இழுத்துக்கொண்டுபோய் இருபத்தைந்தில் வைத்து அழுத்தினேன்.

திரை வெள்ளையானது. நேரம் முடிந்தது, நன்றி.

புள்ளி நகர்ந்ததா? பார்க்கவில்லை. அழுத்தியதும் வெள்ளையானதும் ஒன்றாக நடந்தன. அறைக் காவலரிடம் கேட்டேன்.

"கடைசியா எது பதிவாச்சோ அதும்மா."

"கடைசியா எது பதிவாச்சு?"

"அது முடிவு வரும்போது தெரியும். மூணு வாரம்."

படி இறங்கும்போது லிஃப்ட்காரர் 'ஆனாலும்' ஐந்து இடத்தில் வந்தது என்றும் ஐந்து இடத்திலும் ஆளைப் பிடித்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நாற்பதாவதைச் சொன்னேன். நின்றுவிட்டார்.

"விட்டிருக்கலாமே மேடம்."

"நூத்தி நாப்பத்துநாலுன்னு இருந்துச்சு."

"இருந்தா?"

அவருக்கு எப்படிச் சொல்வது? அடுத்த படியில் காலை வைத்தேன்.

மூன்றாம் நாள் சரியான விடைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். யாருக்கு எதை என்ன விலைக்குக் கொடுத்தேன் என்று பத்து வருடத்துக்கு முந்தியதையும் மறக்காதவள் நான். நாற்பது கேள்விக்கும் எதில் குத்தினேன் என்று நினைவிருந்தது. கடைசிக் கேள்வி நீங்கலாக. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், கல்லா மேசையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அப்பா வியாபாரத்தைக் கவனிப்பது போலப் பக்கத்திலேயே நின்றார். ஒரு தையல்காரர் வந்து ஜிப் கேட்டார். அப்பா பேரமே பேசாமல் கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் படி இறங்கியும் நம்ப முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

"கடைசி ஒண்ணு என்னன்னு இழுக்குறியே, அது என்ன கேள்வி?" என்றார் அப்பா.

படித்துக் காட்டினேன். முடிக்கக்கூட விடவில்லை.

"இருபது. இதுல என்ன சந்தேகம்?"

என் முகத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"புத்தகத்துல என்ன?"

"இருபத்தஞ்சு."

"நீ எதுல வச்ச?"

"ரெண்டுலயும்."

அப்பா அம்மாவின் நாற்காலிப் பக்கம் திரும்பி, தெருவில் பாதி கேட்கும்படி, "கேட்டியா? உன் பொண்ணு ஒரே சரக்கை ரெண்டு விலைக்கு வித்துட்டு வந்திருக்கா" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். உதடு குவிந்தது. ஏழு வார்த்தையில் எது வரப்போகிறது என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. இடது கையால் பில் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, என் கூட்டலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள், அந்தக் காலத்தில் பார்த்தது போலவே.

புது மார்க்கெட் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. முடிவு வரும்வரை கொடுக்கமாட்டார், கேட்கவும் மாட்டேன். இன்னும் பதினெட்டு நாள். தூக்கத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, சரக்கு வந்து சேரவில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் உள்ளது இவ்வளவுதான்:

சரி, இருபத்தொன்பது. தப்பு நாலு, அதற்குப் பிடித்தம் ஒன்று. விட்டது ஆறு, வரவுமில்லை செலவுமில்லை. நிற்பது இருபத்தெட்டு.

நாற்பதாவது: புள்ளி நகர்ந்திருந்தால் இருபத்தொன்பது. நகராவிட்டால் இருபத்தேழே முக்கால். கால் பாக்கி.